மகளும் வாரிசுதான்

வாரிசுச் சான்றிதழ் விதியில் குழப்பம் எதுவும் இல்லை. இறந்தவரின் மனைவியோ கணவரோ, பெற்றோர், பிள்ளைகள் அனைவரும் வாரிசுகள். பிள்ளைகள் என்றால் மகளும் சேர்த்துத்தான். மணமாகி வேறு வீட்டுக்குப் போய்விட்டாள் என்பதற்காக அவள் பெயரை விட்டுவிட முடியாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கடைசி நாற்காலியில் தொடங்கி முதல் நாற்காலியில் ஓய்வு பெறும் வரை, கடலூரிலும் சிதம்பரத்திலும் இந்த விதியை நான் சொல்லாத நாள் குறைவு. மனுவோடு வருகிறவர் மூன்று மகன்களின் பெயரைச் சொல்வார். "பொண்ணு இல்லியா?" என்று கேட்டால், "இருக்குதுங்க. அத கட்டிக் குடுத்தாச்சுங்களே" என்பார். "கட்டிக் குடுத்தா உங்கப்பாவுக்குப் பொறக்கலன்னு ஆயிடுமாய்யா?" என்று நான் கேட்பேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள். மனு திரும்பிப் போகும். நான் நேர்மையானவன் என்று பெயர் வாங்கியதில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த விதியை என் சொந்த வீட்டில் ஒரு தடவைகூட நான் அமல்படுத்தவில்லை. சொத்தைச் சொல்லவில்லை. சொத்தில் அக்காவுக்கு உரிய பங்கைக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். வேறொன்றைச் சொல்கிறேன்.

தினமும் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் என் காது தெரியும். மடல் மொழுமொழுவென்று இருக்கும். எங்கள் பக்கத்தில் என் வயது ஆண்களுக்குக் காதில் ஒரு தழும்பாவது இருக்கும், குழந்தையில் குத்தி, பிறகு தூர்ந்துபோன ஓட்டை. எனக்கு அதுவும் இல்லை. சிதம்பரத்தில் கல்லூரியில் படித்த காலத்தில் இதைக் காட்டிப் பெருமை அடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மூடநம்பிக்கைக்கு இடமில்லை, காதுகுத்தே கிடையாது என்று விடுதியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மை அதற்கு நேர் எதிர். என் காது தப்பியது சாமி பயத்தால்.

எங்கள் குலதெய்வம் காட்டுமன்னார்கோயில் பக்கம், ஏரிக்கரைக்குக் கீழே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஓர் அம்மன். கடலூர் முதுநகரில் மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா, இரண்டு மகன்களுக்கும் தனித்தனியாகச் செலவு செய்ய முடியாது என்று எனக்கும் சின்னவனுக்கும் ஒரே நாளில் காதுகுத்து வைத்தார். எனக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு மூன்று. இருவருக்கும் மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். முதல் முறை எனக்குத்தான் என்று பேச்சு. தாய்மாமா மடியில் பழத்தட்டோடு தயாராக உட்கார்ந்ததும், ஆசாரி வளையத்தின் முனையை விரலில் தேய்த்துப் பார்த்ததைக் கண்டு நான் வேப்பமரத்துக்குப் பின்னால் ஓடிவிட்டேன். "ஓடறவன் ஓடட்டும், சின்னவன குடு" என்றார் மாமா. அக்காவின் இடுப்பிலிருந்து சின்னவனை வாங்கி மடியில் வைத்தார்கள். அக்காவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். சின்னவன் தரையில் இருந்ததைவிட அவள் இடுப்பில் இருந்ததுதான் ஜாஸ்தி.

அவன் உடம்பு ஒரு மாதிரி. எங்கே அழுத்திப் பிடித்தாலும் கன்றிப் போகும். அக்காவின் இடுப்பில் உட்கார்ந்த தடமே தொடையில் நீலமாகத் தெரியும். அதற்காக அக்கா அடி வாங்குவாள். "கிள்ளினியாடி புள்ளைய?" என்று அம்மா துடைப்பத்தை எடுப்பாள். "இல்லம்மா, சத்தியமா இல்லம்மா" என்று அவள் கத்துவது எனக்கு இன்னும் கேட்கிறது. அந்த நீலங்களுக்காக அவள் பட்ட அடிகளில் ஒன்றுகூட நியாயம் இல்லை என்று எங்களுக்குத் தெரிய ஒரு தலைமுறை ஆயிற்று. தெரிந்த பிறகும் யாரும் அவளிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை.

காது குத்தினார்கள். எல்லாக் குழந்தைகளையும் போல வீறிட்டான். வெல்லத்தை வாயில் போட்டதும் அடங்கினான். ரத்தம் மட்டும் அடங்கவில்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பொங்கல் பானை பக்கம் எல்லோரும் போய்விட்டார்கள். மாமாவின் புது வேட்டி நனைந்த பிறகுதான் பார்த்தார்கள். மஞ்சள் வைத்தார்கள், சுண்ணாம்பு வைத்தார்கள், யாரோ டீக்கடையிலிருந்து காப்பித்தூள் வாங்கி வந்து அப்பினார்கள். நிற்பது போல நிற்கும், திரும்பக் கசியும். ஊர் வந்து, கடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அந்த வாரம் முடிவதற்குள் சின்னவன் போய்விட்டான். அப்பா ஆசாரி வீட்டு வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி பேசினார். அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, அதன் பிறகு எங்கள் தெருவுக்கே வரவில்லை. அவர் வளையத்தில் எந்தக் குற்றமும் இல்லை. அதையும் யாரும் போய் அவரிடம் சொல்லவில்லை.

குறி கேட்டதில், அம்மனுக்குக் காது குத்துவது பிடிக்கவில்லை, இந்த வம்சத்தில் இனி ஆண்பிள்ளைக்குக் காது குத்தினால் ரத்தம் கேட்கும் என்று வந்தது. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு விதி. அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். விதியின் எல்லையை வகுத்ததில்தான் தவறு. குலதெய்வம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டால் அவளுக்குப் புருஷன் வீட்டுச் சாமி. ஆகவே எங்கள் விதி எனக்குப் பொருந்தும், என் மகன்களுக்குப் பொருந்தும், அவர்களுடைய மகன்களுக்கும் பொருந்தும். அக்காவுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. நில அளவையில் ஒரு புல எண் தவறிப்போனால் பக்கத்துக் கொல்லைக்காரனுக்குப் பட்டா போய்விடும். அப்படி ஒரு தவறு. காவல் முழுவதையும் தேவையில்லாத கொல்லைக்குப் போட்டோம். பயிர் இருந்த கொல்லையைத் திறந்து விட்டுவிட்டோம்.

அக்காவைச் சிதம்பரத்தில், கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்தில் கொடுத்தோம். அவளுக்கு வாய் துடுக்கு. நான் அலுவலகத்தில் கடைநிலையில் சேர்ந்த அன்றைக்கே என்னை "தாசில்தாரு" என்று கூப்பிட ஆரம்பித்தாள். உண்மையிலேயே தாசில்தார் ஆனபோது, "நான் எப்பவோ குடுத்த ப்ரமோஷன இப்பத்தான் கெவுர்மெண்டு குடுக்குதா?" என்று கேட்டாள். மகன் பிறந்து ஒரு வயது ஆனபோது மாமியார் வீட்டில் காதுகுத்து வைத்தார்கள். அதற்கு முன்னால் அவள் தனியாக முதுநகருக்கு வந்து அம்மாவிடம் கேட்டது எனக்குத் தெரியும். நான் அப்போது கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"குத்தலாமாம்மா?"

"நீ இப்ப அவுங்க ஊட்டு மனுஷி. அவுங்க சாமிக்கு அந்தக் கோவம் கெடயாது."

"இவனுக்கும் அங்கங்க நீலம் கட்டுதும்மா."

"நீ ஒழுங்கா தூக்கறதில்ல."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ரசம் கேட்டேன்.

தாய்மாமன் மடி என்பது உரிமை. அந்தக் காதுகுத்தில் மடி என்னுடையது. பட்டு வேட்டி, மோதிரம், பையனுக்குக் காதணி, சீர்த்தட்டு என்று என் முதல் வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை எல்லாம் கொண்டு போயிருந்தேன். அவன் என் மடியில் உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். குத்தி முடித்த பிறகு என் தொடையில் ஒரு சூடு பரவியது. மூத்திரம் பெய்துவிட்டான் என்று நினைத்துச் சிரித்தேன். குனிந்து பார்த்தபோது வேட்டி சிவப்பாக இருந்தது. நிமிர்ந்தபோது எதிரில் அம்மா நின்றிருந்தாள். அவள் முகம் ஏரிக்கரைக் கோயிலில் அன்று இருந்த மாதிரியே இருந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.

பையன் பிழைத்தான். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது, ரத்தம் ஏற்றினார்கள், தையல் போட்டார்கள். ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அம்மாவிடம் கேட்டேன், இது சின்னவனுக்கு வந்த அதேதானே என்று. "நம்ம சாமி கோவம் அந்த ஊட்டுக்கு எப்பிட்றா போவும்?" என்றாள். அந்தப் பதிலில் ஓர் ஒழுங்கு இருந்தது. விதிப்படி பேசுகிறவர்களை எதிர்த்து எனக்குப் பேச வராது. ஆலப்பாக்கம் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

அவனுக்கு நான்கு வயதில் முழங்கால் வீங்கியது. விழவில்லை, அடிபடவில்லை, வீங்கிச் சுடும், பிள்ளை துடிக்கும். எண்ணெய் போட்டு நீவினார்கள். நீவ நீவ வீக்கம் கூடியது. இந்தத் தடவை மாமியாரின் முறை. "புள்ளைய எங்கியோ போட்டுட்டு மறைக்கிறா" என்று தெருவில் சொன்னாள். பத்து வயதில் கேட்ட அதே குற்றச்சாட்டை அக்கா முப்பது வயதில் இன்னொரு கிழவியின் வாயால் கேட்டாள். கடைசியில் பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அக்கா, மாமியார், பையன், நான். அத்தானுக்குக் கடையை விட்டு வர முடியாது. சீட்டு எழுதுவது, வரிசையில் நிற்பது, எந்த அறைக்கு எந்தக் காகிதம் என்று பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. என்னைப் போல வேகமாக யாரும் அந்த வரிசைகளைக் கடந்திருக்க முடியாது.

பரிசோதனை முடிவுகளோடு எங்களை உட்கார வைத்துப் பேசியவர் இளம் வயதுப் பெண் மருத்துவர். ரத்தம் உறைவதற்கு உடம்பில் தேவையான ஒரு பொருள் இவனுக்கு இல்லை, பிறவியிலேயே இல்லை என்றார். ஹீமோபிலியா என்று பெயரைச் சொன்னார். ஒரு தாளை எடுத்து, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று வரைந்தார். பெண்ணுக்கு எக்ஸ் என்ற குரோமோசோம் இரண்டு. ஒன்றில் பழுது இருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், அவளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதை அவன் அம்மாவிடமிருந்து மட்டுமே வாங்குகிறான், அப்பாவிடமிருந்து அவனுக்கு வருவது ஒய். அம்மாவின் இரண்டில் பழுதானது வந்துவிட்டால் அவனுக்கு மாற்று கிடையாது. ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் இதைச் சுமப்பதற்கும் பாதிக்குப் பாதி. பிறகு பேனாவை வைத்துவிட்டு அக்காவிடம் கேட்டார்:

"உங்க அண்ணன் தம்பி, உங்க அம்மாவோட அண்ணன் தம்பி, யாருக்காவது இந்த மாதிரி ரத்தம் நிக்காம போயிருக்கா? யாராவது சின்ன வயசுல இறந்திருக்காங்களா?"

அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் ஒயர் கூடையோடு மாமியார் நின்றிருந்தாள்.

"எங்க ஊட்ல அப்பிடி யாருக்கும் இல்லீங்க, டாக்டர்" என்றாள் அக்கா. யோசிக்காமல், பாடம் ஒப்பிப்பது போல.

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க அவங்க தம்பிதானே? அப்படித்தானா?"

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. பேசக்கூட இல்லை.

"சில சமயம் குடும்பத்துல யாருக்கும் இல்லாம புதுசாவும் வரும்" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தாளில் அக்காவின் வட்டத்துக்கு மேலே ஒரு கேள்விக்குறி போட்டார். பையனின் அம்மாவுக்கும் இது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், உறுதியாகச் சொல்லும் பரிசோதனை அப்போது இந்தப் பக்கம் எங்கேயும் இல்லை என்றார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் கேள்விக்குறிக்கு வேலையே இல்லை. தம்பிக்கு இருந்து, மகனுக்கும் இருந்தால், நடுவில் இருக்கிறவள் சுமக்கிறாள். அதற்குப் பரிசோதனை தேவையில்லை, கணக்குப் போதும். வாழ்நாள் முழுக்க விசாரணை அறிக்கை எழுதிப் பிழைத்தவன் நான். "அக்கம்பக்கத்தில் விசாரித்ததில்" என்று தொடங்கி எத்தனை அறிக்கை. நேரில் பார்த்த ஒரே சாட்சியாக நான் இருந்த ஒரே விசாரணையில் பொய் சாட்சி சொன்னேன்.

வெளியே வந்து, மாமியார் பையனைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போன நேரத்தில், அக்கா என் பக்கத்தில் நின்றாள். "மண்டைய ஆட்டிட்ட இல்ல, போ" என்றாள். திட்டினாளா, நன்றி சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு, "அந்தக் கெழவி எதிர்ல சொல்லியிருந்தா என்ன இங்கியே உட்டுட்டு பஸ் ஏறியிருப்பாடா" என்றாள். அது நிஜம். ஆனால் கிழவி இல்லாத நேரத்தில் திரும்ப உள்ளே போய் மருத்துவரிடம் சொல்லியிருக்கலாம். கதவு பக்கத்திலேயே இருந்தது, வரிசையும் இல்லை. எந்தக் கதவைத் தட்டினால் எந்தத் தவறைத் திருத்தலாம் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவன் நான்.

புதிதாக வந்தது, இனி வராது என்று அத்தான் வீட்டில் முடிவு கட்டிக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து அக்காவுக்கு ஒரு பெண் பிறந்தது. பெண் என்றதும் எல்லோருக்கும் நிம்மதி, இது பெண்ணுக்கு வராதே. எனக்கும் நிம்மதி. அந்தத் தாளில் வட்டத்துக்குக் கீழே இன்னொரு வட்டம் வரைந்து பார்க்கத் தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். வரைந்து பார்க்கவில்லை.

என் பங்குக்கு வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் இரண்டில் பழுதானது அக்காவுக்குப் போயிற்று, சின்னவனுக்குப் போயிற்று. நல்லது எனக்கு வந்தது. என் சாமர்த்தியம் எதுவும் இதில் இல்லை. அன்றைக்கு வேப்பமரத்துக்குப் பின்னால் ஓடாமல் முதலில் நான் உட்கார்ந்திருந்தால் சாதாரணமாக ரெண்டு சொட்டு வந்து நின்றிருக்கும். என்னிடம் இல்லாததை என் மகன்களுக்கு நான் கொடுக்கவும் முடியாது. ஆனாலும் எங்கள் வீட்டில் அவர்களை முட்டையைப் போல வைத்துக் காத்தோம். பெரியவன் வேலைக்குப் போன ஊரில் ஆசைப்பட்டு ஒரு காதில் கடுக்கன் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அம்மனின் கருணை என்று கிடா வெட்டினோம். அதே மாதத்தில் சிதம்பரத்தில் என் அக்கா மகன் உள்ளே ரத்தம் கட்டிய காலோடு படுத்திருந்தான். அவனுக்காக யாரும் எதுவும் வெட்டவில்லை. அவன் வேறு சாமியின் எல்லையில் இருந்தான்.

அவன் வளர்ந்தான். முழங்கால்கள் இரண்டும் மடங்காமல் போயின. ஆனால் ஆள் குறும்பன், அம்மா மாதிரி. பாத்திரக்கடையில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பான். "மாமா, கவர்மெண்ட் எனக்கு மட்டும் கால் மேல கால் போட்டு உக்கார தடை போட்டுருக்கு" என்பான். அவனுக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்கப் பல வருடம் அலைந்தோம். பழைய சட்டத்தின் பட்டியலில் இந்த நோய் இல்லை. இரண்டாயிரத்துப் பதினாறில் வந்த புதிய சட்டத்தில் சேர்த்தார்கள். அதன் அட்டவணையை அலுவலகத்தில் என் மேசையில் வைத்துப் படித்தேன். பெரும்பாலும் ஆண்களை மட்டும் தாக்குகிற, ஆனால் பெண்களின் வழியாக அவர்களுடைய ஆண்பிள்ளைகளுக்குப் போகிற பரம்பரை நோய் என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சொல்லாததை அரசாங்கம் ஒரு வரியில் சொல்லிவிட்டது. அன்று என் முன்னால் ஒரு வாரிசு மனு இருந்தது, மகள் பெயர் இல்லாமல். வழக்கமான கேள்வியை நான் கேட்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் எனக்காகக் கேட்டார்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் என்று ஆனபோது மகளின் கல்யாணம் முடிந்திருந்தது. ஒரு நாள் நான் துணைக்குப் போயிருந்தேன். கையில் குழாயோடு படுத்துக்கொண்டு, "ரத்தத்தோட எனக்கு என்னா ஜென்மப் பகையோ" என்று சிரித்தாள். பிறகு, "டேய் தாசில்தாரு, அவகிட்ட நீ சொல்லணும்" என்றாள்.

"என்னத்த?"

"நடிக்காத. சின்னவன பத்தி. அவளுக்கும் இருக்கலாம் இல்ல? நம்ம ஊட்டு ஆம்பள ஒருத்தன் வாயால அது வெளிய வரணும்டா. நாங்க பொம்பளைங்க தூக்கனது போதும்."

"சொல்றேங்க்கா."

"எப்ப?"

"சொல்றேன்."

"ஆமா, உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அப்பிடித்தான சொல்லுவீங்க" என்றாள்.

அவள் போன பிறகும் நான் சொல்லவில்லை. காரியத்துக்குப் போனேன், தலைதிவசத்துக்குப் போனேன், தேருக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் அக்கா மகள் காப்பி கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் குடித்துவிட்டு வந்தேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் அவள் கணவன் தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமா, நீங்க தாத்தா ஆகப் போறீங்க" என்றான். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து வந்த கரு. போனை வைத்ததும் உட்கார்ந்து எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், அலுவலகக் கடிதமாக எழுதினேன். பொருள் என்று போட்டேன். பார்வை ஒன்று, என் தம்பியின் இறப்பு. பார்வை இரண்டு, பாண்டிச்சேரி மருத்துவமனையில் நான் தலையாட்டியது. நிகழ்வுகளை வரிசையாக எழுதி, மரபணு ஆலோசனை எங்கே கிடைக்கும், உனக்கும் கருவுக்கும் எந்தப் பரிசோதனையை எப்போது செய்யலாம், பரம்பரை நோய்க்காகச் செய்யும்போது சட்டம் அதை அனுமதிக்கிறது என்பதையும் சேர்த்து, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. எந்தப் பத்தியில் அதை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒப்புகை அட்டை அவள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. நான் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடும் தகுதி இல்லை என்று சொல்லிக்கொண்டேன், கேட்க நன்றாக இருந்தது. பொங்கலுக்கு அவள் வரவில்லை. மாசிமகத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவது அவள் வழக்கம், அப்போதும் வரவில்லை. வைகாசியில் ஆண் குழந்தை பிறந்தது என்று அவள் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. குழந்தைக்கு இருக்கிறதா என்று அவனிடம் நான் கேட்கவில்லை. "நல்லா இருக்கான் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

பிறகு அவளுடைய பதில் கைப்பேசியில் குரலாக வந்தது. பின்னால் பாத்திரம் உருளும் சத்தமும் குழந்தையின் சிணுங்கலும் கேட்டன.

"மாமா, உங்க லெட்டர் வந்து இம்மா நாள் ஆச்சு. பார்வை ஒன்னு பார்வை ரெண்டுன்னு போட்டு... அத படிச்சிட்டு சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. அம்மா எனக்கு கல்யாணத்துக்கு முன்னாடியே எல்லாம் சொல்லிட்டாங்க. சின்ன மாமா பத்தி, நீங்க மண்டைய ஆட்டனது பத்தி, எல்லாம். இவருகிட்டயும் சொல்லிட்டுத்தான் கட்டிக்கிட்டன். டெஸ்ட்டும் அப்பவே எடுத்தாச்சு, எனக்கு இருக்கு. 'உங்க மாமா ஒரு நாள் தானா வந்து சொல்லுவான், நீயா கேக்காத'ன்னு அம்மா சொன்னாங்க. அதான் காப்பி குடுத்து குடுத்து பாத்துக்கினு இருந்தன். எவ்வளவு காப்பி மாமா! கோவம் எனக்கு. இன்னும் முழுசா போவல. புள்ளைக்கு ரத்தம் பாத்துட்டு பேசிக்கலாம்னு இருந்தன். பாத்தாச்சு. அவனுக்கும் இருக்கு. பயப்படாதீங்க, அண்ணன் காலம் மாதிரி இல்ல, ஊசி இங்கியே போடறாங்க, முட்டிய கெட விடாம பாத்துக்கலாம்ங்கறாங்க. காது குத்த மாட்டோம். ஆனா மொட்டை உண்டு, கத்தி இல்ல, மெஷின்ல. அதுக்கு மடி வேணும். அண்ணனால கால மடக்கி உக்கார முடியாது. நீங்க வந்து உக்காருங்க. வெள்ளை வேட்டியே கட்டிக்கினு வாங்க, ஒன்னும் ஆவாது."

அக்கா என்னிடம் அசலைக் கொடுத்துவிட்டு, நகலை உரியவரிடமே நேரடியாகச் சேர்த்திருக்கிறாள். என் அலுவலகத்தை அவளுக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். நான் குடித்த ஒவ்வொரு காப்பியும் ஒரு நினைவூட்டல். அத்தனையையும் கிடப்பில் போட்டிருக்கிறேன். கண்ணாடி முன்னால் போய் நின்றேன். ஓட்டை இல்லாத என் காது. சிதம்பரத்தில் ஒரு சந்தில் இப்போது அதே போல ஒரு காது இருக்கிறது. எனக்குத் தேவைப்படாத விதி, மகள் வழியாக, மகளின் மகள் வழியாக, தேவைப்படுகிறவனிடம் கடைசியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் சேர்க்கவில்லை. இரண்டு பெண்கள் சேர்த்தார்கள்.

மழைக்கால ஐப்பசியில் அனுப்பிய கடிதத்துக்கு அந்தப் பதில் வந்தது, ஆனித் தேருக்கு மறுநாள், சனிக்கிழமை.